கம்பெனி போன பிறகும் ஓடிய வண்டிகள்: திருச்சியில் எஞ்சின் மாற்றிய கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிக்க வசதியாகச் சற்றுத் திருத்தியது.)

ஸ்ரீரங்கத்துக்காரன் வரலாறு பேச வந்தால் கோபுரத்திலிருந்து ஆரம்பிப்பான்னு நினைச்சிருப்பீங்க. இன்றைக்கு நான் எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒரு ஜீப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

1988-ல் என் அப்பா அரசு ஏலத்தில் ஒரு பழைய மஹிந்திரா ஜீப் எடுத்தார். நீள சேஸ், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. இன்றைக்கு பிக்கப் என்று சொல்கிறோமே, அந்த மாதிரி. கொள்ளிடக் கரையோரத் தோப்புகளிலிருந்து வாழைத்தார் ஏற்றி, விடியறதுக்குள்ள காந்தி மார்க்கெட்டில் இறக்கணும். அதுதான் தொழில். வண்டியில் இருந்தது பெட்ரோல் எஞ்சின். முதல் மாதக் கணக்கைப் போட்டுப் பார்த்துட்டு அம்மா கேட்டது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு: "தார் வித்த காசு பூரா பங்க்குக்கே போகுது. நமக்கு என்ன மிச்சம்?"

அந்தக் கேள்விக்குப் பதில் பாலக்கரைப் பக்கம் ஒரு பட்டறையில் கிடைத்தது. பெட்ரோல் எஞ்சினை இறக்கிட்டு டீசல் எஞ்சின் ஏற்றினாங்க. அந்தப் பட்டறைக்காரர் புதுசா எதையும் கண்டுபிடிக்கலை. அவர் கையில் இருந்த வித்தைக்கு அப்போதே ஐம்பது வருஷ வயசு. இன்றைக்கு அந்தக் கதைதான்.

கரி வாயுவில் ஓடிய பஸ்

திருச்சியில் டி.வி.எஸ். டோல்கேட்னு ஒரு ஸ்டாப் இருக்கு. அதில் தினமும் ஏறி இறங்கறவங்க பலருக்கு அந்தப் பெயரைப் பற்றி யோசிக்க நேரம் இருக்காது. இரண்டாம் உலகப் போர் சமயத்தில் பெட்ரோலுக்குக் கடுமையான தட்டுப்பாடு. அப்போது டி.வி.எஸ். நிறுவனம் கரியை எரித்து வாயு எடுக்கும் ஒரு கருவியைச் செய்து பஸ்களில் பொருத்தியது. கரி முழுசா எரியாமல் புகைந்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அதை வடிகட்டி எஞ்சினுக்குள் அனுப்பினால் எரியும். சக்தி குறையும், மேட்டில் திணறும், ஆனால் வண்டி ஓடும்.

எஞ்சினும் வண்டியும் பிரிக்க முடியாத ஒரே பொருள் இல்லை, நிலைமைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணம் நம்ம ஊர் மெக்கானிக்குகளுக்கு வந்தது இந்த மாதிரி நெருக்கடிகளில்தான்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க லாரிகளும் ஜீப்புகளும் ஏலத்துக்கு வந்தன. 'டிஸ்போசல் வண்டி' என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ் எல்லாம் இருந்தன. எல்லாமே பெட்ரோல் குடிக்கிற வண்டிகள்.

முதல் தடவை கம்பெனி கிளம்பியது

ஜெனரல் மோட்டார்ஸ் 1928-லிருந்து பம்பாயில் வண்டி பூட்டிக்கொண்டிருந்தது. ஃபோர்டு 1926-லேயே வந்துவிட்டது. 1953-ல் இந்திய அரசு ஒரு முடிவு எடுத்தது: வெளிநாட்டிலிருந்து பாகங்களைக் கொண்டுவந்து இங்கே பூட்டுவது மட்டும் போதாது, படிப்படியாக இங்கேயே தயாரிக்கணும். அதற்குத் தயாராக இல்லாத இந்த இரண்டு கம்பெனிகளும் கடையைக் கட்டின.

கம்பெனி போயிட்டது. வண்டிகள்? அவை இங்கேதான் இருந்தன. வாங்கினவர் கடனும் இங்கேதான் இருந்தது. ஸ்பேர் மட்டும் வராது.

அப்போது கை கொடுத்தது பெர்கின்ஸ் எஞ்சின். இங்கிலாந்தில் பீட்டர்பரோ ஊரில் ஃபிராங்க் பெர்கின்ஸ் 1932-ல் ஆரம்பித்த கம்பெனி. அவர்கள் லாரி செய்யவில்லை. அடுத்தவர் லாரிக்குள் உட்காரக்கூடிய டீசல் எஞ்சின் செய்தார்கள். 1937-ல் வந்த பி-6 என்ற ஆறு சிலிண்டர் எஞ்சின், பெட்ரோல் எஞ்சினைக் கழற்றின இடத்திலேயே பொருந்துகிற அளவுக்கு அடக்கமானது. 1950களின் தொடக்கத்தில் சென்னை செம்பியத்தில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் எஞ்சின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. பம்பாயில் பிரீமியர் கம்பெனி செய்த ஃபார்கோ, டாட்ஜ் லாரிகளுக்குள்ளும் பெர்கின்ஸ் போனது.

ஆக, அநாதையான ஷெவர்லேவுக்குள் சென்னையில் செய்த எஞ்சின் ஏறி உட்கார்ந்தது. மூக்கு அமெரிக்கா, நெஞ்சு செம்பியம். பெட்ரோல் லாரிக்காரர் டீசல் லாரிக்காரர் ஆனார்.

திருச்சியில் ஏன் முடிந்தது?

எஞ்சின் கிடைத்தால் போதுமா? அதைப் பொருத்தத் துல்லியமாகக் கடைகிற கை வேணும். திருச்சிக்கு அது வாய்த்திருந்தது. 1920களின் கடைசியில் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது. 1960களில் பி.எச்.இ.எல். வந்தது, துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. பி.எச்.இ.எல்.-ஐ நம்பி துவாக்குடியைச் சுற்றிச் சின்னச் சின்ன லேத் பட்டறைகளும் வெல்டிங் பட்டறைகளும் பெருகின. 1975-ல் வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமே இங்கே அமைந்தது. பாய்லர் குழாயைப் பற்றவைக்கத் தெரிந்தவர் இருக்கிற ஊரில் எஞ்சின் மவுண்டிங் பற்றவைக்க ஆள் தேட வேண்டியதில்லை. எங்கள் பட்டறைக்காரருக்கு லேத் வேலை செய்து கொடுத்தவர் பொன்மலையில் ஃபிட்டராக இருந்து ரிடையர் ஆனவர்.

எங்கள் ஜீப்புக்கு வருவோம்

அந்த ஜீப்பில் இருந்தது வில்லிஸ் வழி வந்த 'ஹரிக்கேன்' பெட்ரோல் எஞ்சின், 2.2 லிட்டர். 1973-ல் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியதும் இந்த எஞ்சின் சுமையாகிவிட்டது. மஹிந்திராவே மாற்று வழி தேடியது. தன் இன்டர்நேஷனல் டிராக்டரின் எஞ்சினை, கிட்டத்தட்ட 2.3 லிட்டர் டீசல், ஜீப்புக்குள் வைத்தது. 1979-ல் பிரான்சின் பெஜோ கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டு எக்ஸ்.டி.பி. 4.90 என்ற 2.1 லிட்டர் டீசல் எஞ்சினைக் கொண்டுவந்தது.

அதாவது, கம்பெனி புது ஜீப்பில் செய்ததை பட்டறைக்காரர்கள் பழைய ஜீப்பில் செய்தார்கள்.

அப்பா பட்டறைக்காரரை 'பாய்' என்று கூப்பிடுவார், அவர் அப்பாவை 'அண்ணே' என்பார். முதல் நாளே பாய் சொன்னார்: "அண்ணே, எஞ்சின் வாங்கினா கியர் பாக்ஸோட வாங்குங்க. கியர் பாக்ஸ் வாங்கினா ஷாஃப்டோட வாங்குங்க. தனித்தனியா வாங்கினா லேத்துக்காரன்தான் பணக்காரன் ஆவான்."

ஏன் அப்படிச் சொன்னார்? எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைப்பது மணி மாதிரி இருக்கிற ஒரு கூடு, பெல் ஹவுசிங். ஒவ்வொரு கம்பெனிக்கும் அதன் போல்ட் ஓட்டைகள் வேற வேற இடத்தில் இருக்கும். எஞ்சின் ஒரு கம்பெனி, கியர் பாக்ஸ் இன்னொரு கம்பெனி என்றால் நடுவில் ஒரு இரும்புத் தட்டு கடைந்து வைக்கணும். கிராங்க் ஷாஃப்டின் மையமும் கியர் பாக்ஸ் உள்ளே நுழைகிற ஷாஃப்டின் மையமும் ஒரே நேர்கோட்டில் நிற்கணும். பட்டறைக் கணக்கில் ஐந்து 'தௌ', அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. அதற்கு மேல் விலகினால் கிளட்ச் பிளேட் தாங்காது.

அப்பா அவசரப்பட்டார். சென்னை புதுப்பேட்டையில் எஞ்சின் மட்டும் மலிவாகக் கிடைத்தது, வாங்கிட்டு வந்துட்டார். பழைய மூன்று கியர் பாக்ஸே போதும்னு சொல்லி, தட்டை வேறொரு லேத்தில் குறைந்த கூலிக்குக் கடைந்து வாங்கினார். பாய் டயல் வைத்துப் பார்த்துட்டு முகம் சுளித்தார். "இது ஓடும், ஆனா நிக்கும்" என்றார். அப்பா கேட்கவில்லை.

பதினெட்டு நாள் ஓடியது. பத்தொன்பதாம் நாள் விடியற்காலை மூன்றரை மணி. மாம்பழச்சாலை தாண்டி காவிரிப் பாலத்தில் ஏறி நடுவில் வரும்போது ஒரு சத்தம். எஞ்சின் ஓடுது, வண்டி நகரலை. கிளட்ச் பிளேட்டின் நடு ஹப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. பின்னால் முழு லோடு வாழைத்தார். ஏலம் தொடங்குவதற்குள் போய்ச் சேரவில்லை. அன்றைய தார் பாதி விலைக்குப் போனது. அப்பா பாலத்துக் கைப்பிடியில் சாய்ந்து நின்றதைப் பத்து வயசில் பார்த்தவன் நான். அன்றைக்கு அவர் யாரையும் திட்டவில்லை.

பாய் இரண்டாம் தடவை தன் வழியில் செய்தார். விபத்தில் நொறுங்கின ஒரு டீசல் ஜீப்பிலிருந்து கியர் பாக்ஸை அதன் சொந்த பெல் ஹவுசிங்கோடு எடுத்தார். வாங்கும் முன் அவர் சோதித்த விதம் சொல்றேன், இன்றைக்கும் உதவும். ஆயிலை விரலில் தொட்டு வெளிச்சத்தில் பார்த்தார், பித்தளைத் துகள் மின்னுதான்னு. ஷாஃப்டைப் பிடித்து முன்னும் பின்னும், மேலும் கீழும் ஆட்டினார். மேல் மூடியைக் கழற்றி ஒவ்வொரு பல்லின் முனையையும் நகத்தால் தடவினார். கடைசியாகத்தான் விலை கேட்டார்.

புது கியர் பாக்ஸ் பழையதைவிட நீளம். அதனால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து, பற்றவைத்து, திரும்ப பேலன்ஸ் பார்க்கணும். எஞ்சின் உட்காரும் மவுண்டிங்கை இடம் மாற்றணும். டீசல் எஞ்சின் கனம் அதிகம், முன் பட்டைக்கு ஒரு இலை கூட்டணும். கிரவுன் பினியன் என்ன விகிதம் என்றும் எண்ணிப் பார்க்கணும். பழைய பெட்ரோல் ஜீப்புகளில் 5.38 என்பது வழக்கம். மெதுவாகச் சுற்றும் டிராக்டர் எஞ்சினுக்கு அதை வைத்தால் மேடு ஏறும், ஆனால் ரோட்டில் வேகம் வராது. பெஜோ எஞ்சின் வேகமாகச் சுற்றும், அதனால் எங்களுக்கு அது ஒத்துப்போனது. அந்த ஜீப் அதற்குப் பிறகு இருபது வருஷத்துக்கு மேல் ஓடியது. என் காலேஜ் ஃபீஸ், அக்கா கல்யாணம் எல்லாம் அந்த கியர் பாக்ஸ் இழுத்ததுதான்.

இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை

1980களில் நான்கு ஜப்பானிய கூட்டு முயற்சிகள் சின்ன லாரி செய்ய வந்தன: டி.சி.எம். டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐஷர் மிட்சுபிஷி. 1986-ல் டாடா 407 வந்து நான்கையும் எதிர்த்து நின்றது. ஆல்வின் நிசான் மஹிந்திராவின் கைக்குப் போனது. டி.சி.எம். பிறகு டேவூவோடு சேர்ந்து கார் பக்கம் போனது. நிசான், டொயோட்டா சின்ன லாரி வைத்திருந்தவர்கள் மறுபடி பட்டறை வாசலில் நின்றார்கள். ஒரிஜினல் எஞ்சின் போன வண்டிக்குள் வேறு கம்பெனி எஞ்சினும் கியர் பாக்ஸும் ஜோடியாக ஏறின.

இன்னொரு விஷயம் பாருங்க. 1953-ல் கிளம்பிய அதே இரண்டு கம்பெனிகள் 1990களில் திரும்பி வந்தன. ஜெனரல் மோட்டார்ஸ் 2017-ல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. ஃபோர்டு 2021-ல் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. கம்பெனி வருவதும் போவதும் அவர்கள் கணக்கு. வண்டி நின்னா வீட்டில் அடுப்பு எரியாது என்பது வாங்கினவர் கணக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது பட்டறை.

சட்டம் என்ன சொல்கிறது?

இதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. 1988-ம் வருஷ மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, ஆர்.சி.-யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2000-ல் அது இன்னும் இறுகியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே பிரிவில், பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருப்பவருக்கு, அதே மேக், அதே வகை எஞ்சினை மாற்ற மாநில அரசு முன் அனுமதி தேவையில்லை என்று சலுகை தரலாம். ஒற்றை வண்டிக்காரருக்கு அந்தச் சலுகை இல்லை.

சட்டத்துக்கும் நியாயம் உண்டு. பிரேக் பழைய எடைக்கு, எஞ்சின் புதிய சக்திக்கு என்றால் ரோட்டில் போகிறவன் உயிர் என்ன ஆவது? அப்பா அந்தக் காலத்திலேயே அலைந்து திரிந்து ஆர்.சி.-யில் டீசல் என்றும் புதிய எஞ்சின் நம்பரையும் ஏற்றிவிட்டார். எங்கள் தெருவில் இன்னொருவர் ஏற்றவில்லை. விபத்து நடந்தபோது நம்பர் பொருந்தவில்லை என்று இன்சூரன்ஸில் கைவிரித்துவிட்டார்கள். தோப்பை விற்றுத்தான் நஷ்டஈடு கொடுத்தார்.

இப்போது என்ன?

2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவைப் புதுப்பிப்பதில்லை. அவை பதிவுபெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போகணும். அப்பா எடுத்த மாதிரி ஏலத்தில் எடுக்கிற வழி அடைபட்டது. புகையைக் குறைக்க அது தேவைதான், நான் மறுக்கலை. ஆனால் எந்த கியர் பாக்ஸ் எந்த எஞ்சினுக்குப் பொருந்தும், எதை எவ்வளவு வெட்டணும் என்பதை பாய் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அவர் போய் ஏழு வருஷம் ஆச்சு. அவருடைய பையன் இன்றைக்கு கார் ஏ.சி. வேலை செய்கிறார். அப்பாவிடம் கேட்டு எழுதியிருக்கலாமேன்னு அவரே என்னிடம் வருத்தப்பட்டார்.

ஜீப் இன்னும் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கிறது. எஃப்.சி. இல்லை, ரோட்டில் எடுப்பதில்லை. போன மாதம் பெல் ஹவுசிங்கையும் மவுண்டிங்கையும் அளந்து ஒரு நோட்டில் வரைந்தேன். உங்கள் ஊரிலும் ஒரு பழைய பட்டறைக்காரர் இருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. போனில் பதிவு செய்யுங்க. அளவுகளோட எழுதி வையுங்க. அதுவும் நம்ம ஊர் வரலாறுதான்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.