ஆளுநரின் பெயரில் ஒரு தேன்சிட்டு

சில வருடங்களுக்கு முன்னர் எமது பாடசாலையில் ஒரு கண்காட்சி நடந்தது. ‘வாவிக்கரை உயிர்கள்’ என்றொரு பகுதி எனது பொறுப்பில் இருந்தது. ஒன்பதாம் தரத்து மாணவன் ஒருவன் தபாலட்டையிலும் சிறிய தாள்களில் மீன்கொத்தி, நீர்க்காகம், கொக்கு, உடும்பு, வலை காயப்போட்ட தோணி என்று இருபதுக்கும் அதிகமான நீர்வர்ணப் படங்களை வரைந்து தந்திருந்தான். வந்தவர்கள் எல்லோரும் அந்தப் படங்களுக்கு முன்னால்தான் நின்றார்கள். மேலே ஒட்டியிருந்த அட்டையில் ‘தமிழ் மன்றம்’ என்றும் ‘வழிகாட்டல்’ என்று போட்டு எனது பெயரும் பட்டமும் இருந்தன. மாலையில் படங்களைக் கழற்றும்போது அவன் கேட்டான்: “சேர், எண்ட பேரு எங்க?”

“இடம் காணாமப் போயிட்டு மகன்” என்றேன். அது பொய். அவனுடைய பெயரைப் போடவேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை என்பதுதான் உண்மை.

பீற்றர் கொர்னேலிஸ் டி பெவெரே என்பவரைப் பற்றி நான் தேடி வாசிக்கத் தொடங்கியது அந்தக் கேள்விக்குப் பிறகுதான்.

டி பெவெரே 18ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்த வழியும் இந்நாட்டு வழியும் கலந்த குடும்பமொன்றில் இலங்கையில் பிறந்தவர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் நில அளவைப் பணியில் வரைபடம் கீறக் கற்றவர். காணி எல்லையையும் கால்வாயையும் கோட்டைச் சுவரையும் அளவு பிசகாமல் கீறுவதுதான் அந்தத் தொழில். 1752இல் ஜோன் கிடியோன் லோட்டன் இலங்கையின் ஆளுநராக வந்தார். அவருக்கு இயற்கை வரலாற்றில் பெரும் ஈடுபாடு. இந்தத் தீவின் பறவைகளையும் மீன்களையும் பூச்சிகளையும் விலங்குகளையும் வரைவதற்கு அவர் தேர்ந்தெடுத்தது டி பெவெரேயை. 1757இல் லோட்டன் பதவி முடிந்து பத்தாவியாவுக்குப் போகும் வரை அந்த வேலை இங்கே நடந்தது.

ஆளுநர் ஒருவருக்கு ஓவியன் எதற்கு, பறவையைப் பிடித்துப் பதப்படுத்தி அனுப்பினால் போதாதா என்று வாசகர் கேட்கலாம். அக்காலத்தில் அது லேசான காரியமல்ல. எங்கள் வெக்கையிலும் ஈரத்திலும் தோல் அழுகிவிடும். தப்பியதைக் கப்பலில் பூச்சி அரித்துவிடும். இறகின் நிறம் ஓரளவு நிற்கும். ஆனால் கண்ணின் நிறமும், சொண்டின் நிறமும், முகத்தில் இறகில்லாத தோலின் நிறமும் உயிர் போன கொஞ்ச நேரத்திலேயே மங்கத் தொடங்கும். அதற்கு முன்னர் பார்த்துத் தீட்டிவிட வேண்டும். நீர்வர்ணம் விரைவாகக் காய்வது. காகிதமோ பெட்டியில் மடங்காமல் கிடந்து கடல் தாண்டக் கூடியது. ஐரோப்பாவிலிருந்த அறிஞர்கள் எமது நாட்டு உயிர்கள் சிலவற்றை உடலைக் காணாமல் ஓவியத்தை மட்டும் கண்டே விவரித்ததற்கு இதுதான் காரணம்.

சிவப்பு முகப் பூங்குயிலை எடுத்துக்கொள்வோம். இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத பறவை இது. சிங்கராஜ போன்ற ஈரவலயக் காடுகளில் இன்று அருகிப்போய் வாழ்கிறது. சிவந்த முகம், பச்சைச் சொண்டு, வெள்ளை வயிறு, நுனி வெளுத்த நீண்ட வால். தோமஸ் பென்னன்ற் என்ற அறிஞர் 1769இல் தமது இந்திய விலங்கியல் நூலில் இதை அறிவுலகத்துக்கு அறிமுகம் செய்தார். அந்த நூலுக்கு அடிப்படை லோட்டன் இலண்டனுக்குக் கொண்டுசென்ற ஓவியங்கள். இப்பறவையின் இனத்தை ஆங்கிலத்தில் இன்றும் ‘மல்கோஹா’ என்கிறார்கள். மல் என்றால் பூ, கோஹா என்றால் குயில். சுத்தமான சிங்களச் சொல். காட்டோரத்துச் சனங்களின் வாயிலிருந்த பெயர் ஓவியத்தோடு சேர்ந்து கப்பலேறியிருக்கிறது. அதை வாயால் சொன்னவர் யார், பறவையைப் பிடித்துக் கொடுத்தவர் யார் என்பதற்குப் பதிவில்லை.

இலண்டனில் நடந்ததையும் கவனிக்க வேண்டும். லோட்டனின் ஓவியங்கள் கைமாறிப் பிரதியெடுக்கப்பட்டன. கப்டன் குக்கின் கப்பலில் பின்னர் ஓவியனாகப் போன சிட்னி பார்கின்சன், ஜோசப் பாங்ஸ் என்ற செல்வந்த அறிஞருக்காக அவற்றுள் பலவற்றைப் பார்த்து வரைந்தார். செப்புத் தகட்டில் செதுக்கியவர் இன்னொருவர். அச்சுப் பிரதிக்கு வர்ணம் பூசியவர்கள் வேறு சிலர். ஒவ்வொரு கை மாறும்போதும் முதற் கையின் தடம் கொஞ்சம் அழிந்தது. பீற்றர் பிறவுண் 1776இல் வெளியிட்ட விலங்கியல் படநூலுக்கும் லோட்டனின் சேகரிப்பு உதவியது. ஆளுநரின் பெயர் அறிவுலகில் நிலைத்தது. நீண்டு வளைந்த சொண்டுள்ள ஒரு தேன்சிட்டுக்கு 1766இல் லின்னேயஸ் இட்ட பெயரில் லோட்டன் இன்றும் இருக்கிறார். எங்கள் வளவுகளிலேயே அது பறந்து திரிகிறது. டி பெவெரேயின் பெயரில் அப்படி ஒரு சிட்டு இல்லை.

லோட்டனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. நியாயமாகச் சொன்னால், இந்த ஓவியனின் பெயர் எங்களுக்குக் கிடைத்ததே லோட்டனால்தான். வரைந்தவர் இன்னார் என்று அவர் தமது குறிப்புகளில் எழுதிவைத்தார். இலண்டன் இயற்கை வரலாற்று நூதனசாலையிலும் ஒல்லாந்திலும் இன்றிருக்கும் அந்த ஓவியங்களை ஆராய்ச்சியாளர்கள் டி பெவெரேயினுடையவை என்று அடையாளம் காண்பதற்கு அந்தக் குறிப்புகள்தான் துணை. ஒரு வரி எழுதிவைத்த ஆளுநரோடு ஒப்பிட்டால், ஒரு வரியும் எழுதாத ஆசிரியனான நான் எங்கே நிற்கிறேன்?

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மொகலாய தர்பாரில் நிலைமை வேறாக இருந்தது. பேரரசர் ஜஹாங்கீரின் ஓவியர் உஸ்தாத் மன்சூர் பறவைகளையும் விலங்குகளையும் சின்னஞ்சிறு அளவில், ஒவ்வொரு இறகும் தெரியத் தீட்டியவர். ஜஹாங்கீர் அவருக்கு ‘நாதிருல் அஸ்ர்’, அதாவது காலத்தின் அற்புதம், என்ற பட்டத்தைக் கொடுத்தார். தமது நினைவுக் குறிப்பிலேயே பெயர் சொல்லி எழுதினார். உயிருள்ளவற்றை வரைவது பற்றி எங்களிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. அதைத் தீர்ப்பது மார்க்க அறிஞர்களின் வேலை. வரைந்தவனின் பெயரை மறைப்பது சரியா என்பதில் அப்படி ஒரு வேறுபாடு இருக்க முடியாது. உழைப்பை எடுத்தால் உரியவனுக்கு உரியதைக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம்.

எங்கள் முன்னோரிடமும் நல்ல வழக்கம் ஒன்று இருந்தது. பழைய கையெழுத்துக் கிதாபுகள் பலவற்றின் கடைசிப் பக்கத்தில், எழுதியவர் தமது பெயரையும் எழுதி முடித்த திகதியையும் குறித்து, வாசிப்பவரிடம் துஆவும் கேட்டிருப்பார். யார், எப்போது என்ற இரண்டு கேள்விகளுக்கு அந்த ஒரு பக்கம் விடை சொல்லிவிடும். எங்கள் வீடுகளிலும் பாடசாலை அலுமாரிகளிலும் கிடக்கும் படங்களுக்கும் போட்டோக்களுக்கும் அந்தப் பக்கம் இல்லை. வாசகர்களிடம் நான் கேட்பது சின்ன விடயம்தான். பென்சிலை எடுத்துப் பின்புறத்தில் யார், எங்கே, எந்த வருடம் என்று எழுதிவையுங்கள். தெரிந்தவர்கள் மௌத்தாகிப் போவதற்கு முன்னர் கேட்டு எழுதுங்கள்.

அந்த மாணவனின் படங்கள் எனது அலுமாரியில்தான் இருந்தன. போன நோன்பு விடுமுறையில் அவற்றை வெளியே எடுத்தேன். இரண்டைக் கறையான் அரித்திருந்தது. மிச்சத்தின் பின்புறத்தில் அவனது முழுப் பெயரையும் வாப்பாவின் பெயரையும் தரத்தையும் வருடத்தையும் எழுதினேன். அவன் இப்போது கட்டாரில் வேலை செய்கிறான். இலக்கம் தேடி எடுத்துப் பேசினேன். படங்களைப் பற்றிச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“அது இன்னும் இரிக்கா சேர்?” என்றான். பிறகு, “அந்த உடும்புப் படம் நல்லா வரல்ல. அத மட்டும் ஆருக்கும் காட்டாதீங்க” என்றான்.

உடும்புப் படத்தின் பின்புறத்திலும் பெயர் எழுதியிருக்கிறேன்.