வீட்டுத் தொழிலுக்குத் திறந்த இல்லம்: விருந்தாளியை இழக்காமல் விற்கும் வழி

மலேசியாவில் திறந்த இல்ல உபசரிப்பு என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. தீபாவளிக்கோ ஹரி ராயாவுக்கோ வாசலைத் திறந்து வைத்தால் அக்கம்பக்கத்தார் வருவார்கள், சாப்பிடுவார்கள், வாழ்த்திவிட்டுப் போவார்கள். யாரும் விலை கேட்பதில்லை. வீட்டிலிருந்தபடியே முறுக்கு, குழம்புத் தூள், சேலை, அழகுப் பொருள் விற்பவர்கள் அதே பெயரில் விற்பனை நாள் நடத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. விருந்து என்று நினைத்து வந்தவரிடம் விலைப்பட்டியலை நீட்டினால், மரியாதைக்காக ஒன்றை வாங்குவார். அடுத்த முறை அந்த வாசலை மிதிக்கத் தயங்குவார்.

ரெம்பாவ் போன்ற சிறிய மாவட்டத்தில் இது பெரிய இழப்பு. ரெம்பாவ் பட்டணம், செம்போங், பெடாஸ், கோத்தா என எங்கு போனாலும் வாடிக்கையாளர், உறவினர், கோயிலில் பார்க்கிறவர் எல்லாம் பெரும்பாலும் ஒரே ஆள்தான். ஒரு விற்பனைக்காக அந்த உறவைக் கெடுத்துக்கொண்டால் வேறு வாடிக்கையாளரைத் தேடிப் போக ஊர் பெரிதில்லை.

வீட்டு விற்பனை தொடங்கிய கதை

வீட்டில் நாலு பேரைக் கூட்டிப் பொருளைக் காட்டி விற்கும் முறையை உலகெங்கும் பரப்பியது டப்பர்வேர் நிறுவனம். அமெரிக்காவின் ஏர்ல் டப்பர் 1940களில் செய்த மூடியிட்ட பிளாஸ்டிக் பாத்திரம் கடைகளில் சரியாக விலைபோகவில்லை. அந்த மூடியை எப்படி அழுத்தி மூடுவது என்று யாராவது செய்துகாட்ட வேண்டியிருந்தது. புளோரிடாவில் இருந்த பிரௌனி வைஸ் என்ற பெண் அதை வீட்டுக் கூட்டங்களில் செய்துகாட்டி விற்றார். 1951இல் டப்பர் தம் பொருளைக் கடைகளிலிருந்து எடுத்துக்கொண்டு, விற்பனை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தார். 1954இல் பிசினஸ் வீக் இதழின் அட்டையில் இடம்பெற்ற முதல் பெண் அவர்தான்.

ஆனால் 1958இல் அவர் நிறுவனத்திலிருந்து நீக்கப்பட்டார். அவர் பெயரில் ஒரு பங்குகூட இல்லை. மலேசிய வீடுகளிலும் அலமாரி அலமாரியாக நிறைந்த அந்த டப்பர்வேர், 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் பாதுகாப்பு கேட்டு விண்ணப்பித்தது. ஆக, விற்கும் பொருளின் பெயர் இன்னொருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். வீட்டு வியாபாரிக்குச் சொந்தமாக மிஞ்சுவது அவரை நம்பி வருகிற ஆட்கள் மட்டும்தான்.

நாள் பார்ப்பது

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சம்பளக் காலம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும். மாதச் சம்பளக்காரர் பலருக்கு 7ஆம் தேதிக்குள் பணம் கையில் இருக்கும். அதற்கு அடுத்து வரும் சனி அல்லது ஞாயிறு நல்ல நாள். மாதக் கடைசியில் வைத்தால் வருகிறவர்கள் கடன் சொல்வார்கள். மறுப்பதும் கஷ்டம், கொடுப்பதும் கஷ்டம்.

தோட்டத்தில் காலை வேலை உண்டு. அதனால் மாலை 4 மணியிலிருந்து 7 மணி வரை வசதி. வட்டாரக் கோயில் திருவிழா, திருமண நாள்களைத் தவிர்க்க வேண்டும். புரட்டாசியில் பலர் சைவம் என்பதால் சைவப் பலகாரம் மட்டும் வைப்பது பாதுகாப்பு. மலாய்க்காரத் தோழிகளையும் அழைப்பதாக இருந்தால், ஹலால் சின்னம் உள்ள பொருள்களை வாங்கிச் சமைத்து, காகிதத் தட்டில் பரிமாறலாம்.

அழைக்கும் விதம்

தீபாவளி உபசரிப்பையும் விற்பனை நாளையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. அழைக்கும்போதே இது விற்பனை என்று தெரிய வேண்டும். வாட்ஸ்அப்பில் இப்படி அனுப்பினால் போதும்: “அக்கா, வர்ற ஞாயிறு சாயங்காலம் 4 மணிக்கு வீட்டுல பலகாரம் விற்பனைக்கு வைக்கிறேன். வந்து ருசி பாருங்க. வாங்கணும்னு கட்டாயம் இல்ல.” வர விருப்பமில்லாதவர் மனம் நோகாமல் ஒதுங்கிக்கொள்ளவும் இது வழிவிடுகிறது.

செலவுக் கணக்கு

ஓர் உதாரணம். தேநீர், பலகாரம், தட்டு, குவளை எல்லாம் சேர்த்து 150 வெள்ளி செலவு. ஒரு பொட்டலம் குழம்புத் தூளில் 8 வெள்ளி லாபம். அப்படியானால் உபசரிப்புச் செலவை ஈடுகட்டவே 19 பொட்டலம் விற்க வேண்டும். இருபதாவது பொட்டலத்திலிருந்துதான் வருமானம். வருபவர் 15 பேர்தான் என்றால் பஜ்ஜி, கேசரி, மீகோரெங் என்று நீட்டாமல் தேநீரும் ஒரு பலகாரமும் போதும்.

பலர் விழுகிற குழி சரக்கில்தான். கூட்டம் வரும் என்று நம்பி கடன் வாங்கிச் சரக்கை நிரப்பினால், மீந்ததும் கடனும் வீட்டிலேயே தங்கிவிடும். மாதிரிக்கு மட்டும் சரக்கு வைத்து, மற்றதை முன்பதிவாக எழுதிக்கொள்வதே மேல்.

மேசை ஒழுங்கு

ருசி பார்க்கும் இடம் வாசலுக்கு அருகிலும், விற்பனை மேசை உள்ளேயும் இருப்பது நல்லது. சாப்பிட்டுவிட்டுப் பேசிவிட்டுப் போகிறவர் விற்பனை மேசையைக் கடந்துதான் போக வேண்டும் என்ற நிலை வேண்டாம். ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதி ஒட்டியிருந்தால் யாரும் கூச்சப்பட்டுக் கேட்க வேண்டியதில்லை. பிரௌனி வைஸ் செய்ததுபோல் செய்துகாட்டுவதுதான் சிறந்த விளம்பரம். அந்தத் தூளிலேயே வைத்த குழம்பு ஒரு கரண்டி போதும். சில்லறையும் டுயிட்நவ் கியூஆர் அட்டையும் தயாராக இருக்கட்டும்.

பதிவும் சட்டமும்

தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் எனும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி. வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. இணையத்திலேயே பதியலாம். வீட்டில் வியாபாரம் செய்யவும், வீட்டுக்கு முன் கூடாரம் போடவும் என்ன அனுமதி வேண்டும் என்பதை ரெம்பாவ் மாவட்ட மன்றத்திலும், தோட்டக் குடியிருப்பானால் நிர்வாகத்திடமும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

உணவு விற்பவர்களுக்கு 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகள் பொருந்தும். உணவு கையாள்வோர் பயிற்சியும் டைபாய்டு தடுப்பூசியும் அவசியம். அழகுப் பொருளில் சுகாதார அமைச்சின் ‘நோட்’ என்று தொடங்கும் எண் இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்கி விற்பது ஆபத்து.

நேரடி விற்பனை நிறுவனத்தின் பொருள் என்றால், 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனை மற்றும் பிரமிட் எதிர்ப்புத் திட்டச் சட்டப்படி அந்த நிறுவனத்திடம் உரிமம் இருக்க வேண்டும். வீடுதேடி வரும் விற்பனையில் ஒப்பந்தம் செய்த வாடிக்கையாளர் மனம் மாறினால் ரத்து செய்ய 10 வேலை நாள் அவகாசமும் உண்டு. பொருளைவிட ஆள் சேர்ப்பதிலேயே பணம் வருகிறது என்று யாராவது சொன்னால், அந்தக் கூட்டத்தை வீட்டில் நடத்த இடம் கொடுக்கக் கூடாது.

சேலை, பாத்திரம் விற்கிறவர்கள் மாதத் தவணைக்காகக் கூட்டு பிடிப்பதும் உண்டு. அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே ‘கூட்டு’ என்ற நம் தமிழ்ச் சொல் இருக்கிறது.

மறுநாள் வேலை

விருந்தினர் போன பிறகுதான் பாதி வேலை இருக்கிறது. பெயர், பொருள், அளவு, கொடுத்த பணம், மீதி, தருவதாகச் சொன்ன தேதி ஆகிய ஆறையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத வேண்டும். சொன்ன தேதியில் பொருள் போய்ச் சேர வேண்டும். தாமதமானால் அவர்கள் கேட்குமுன் தெரிவிக்க வேண்டும். எதுவும் வாங்காமல் போனவர்களுக்கும் வந்ததற்கு நன்றி சொல்லி ஒரு வரி அனுப்பலாம். விலையைப் பற்றி அதில் பேச்சே வேண்டாம்.

அன்று எத்தனை பொட்டலம் விற்றது என்பது ஒரு கணக்கு. அன்று வெறுங்கையோடு போனவர் அடுத்த முறையும் தயங்காமல் வருகிறாரா என்பது அதைவிட முக்கியமான கணக்கு.