மேயர் பார்க்கக்கூடாத கோப்புகள்

2005 ஏப்ரலில் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகர மன்றம், நான்குக்கு ஒன்று என்ற வாக்குக் கணக்கில் ஒரு முடிவை எடுத்தது. எஃப்.பி.ஐ. தலைமையில் இயங்கிய கூட்டுப் பயங்கரவாதத் தடுப்புப் படையிலிருந்து தன் காவலர்களைத் திரும்ப அழைத்துக்கொள்வதே அம்முடிவு. நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் சரிந்து அப்போது நான்காண்டுகள்கூட நிறையவில்லை. அமெரிக்க நகரங்களுள் முதன்முதலாக இப்படி வெளியேறியது போர்ட்லண்ட்தான்.

பாதுகாப்பா, சுதந்திரமா என்ற பட்டிமன்றமாகவே இது பெரும்பாலும் பேசப்பட்டது. அந்நகரத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கி வாசித்தால் வழக்கு வேறாகத் தெரிகிறது. நகரம் சம்பளம் கொடுக்கும் காவலர் என்ன செய்கிறார் என்பதை அந்நகரம் தேர்ந்தெடுத்த மேயர் அறியலாமா, கூடாதா? அங்கே தீராமல் கிடந்த கேள்வி இதுவே என்பது நம் எண்ணம்.

ஓரிகானில் 1981 முதல் ஒரு சட்டம் உண்டு. குற்றச் செயலில் ஒருவருக்குத் தொடர்பிருப்பதாக ஐயுறத் தக்க காரணம் இல்லாதவரை, அவருடைய அரசியல், சமய, சமூகக் கருத்துகளைக் காவல்துறை திரட்டவும் கூடாது, சேமித்து வைக்கவும் கூடாது. சட்டம் வந்துவிட்டால் பழைய கோப்புகள் என்ன ஆகும்? அழிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் போர்ட்லண்ட் காவல்துறையில் பயங்கரவாதம் தொடர்பான துப்பறியும் பணியில் இருந்த ஒருவர், அவற்றைத் தம் சொந்தப் பொறுப்பில் கொண்டுபோய் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டதோடு நில்லாமல் மேலும் சேர்த்துக்கொண்டே போனார். அவர் மறைந்து பல ஆண்டுகள் கழித்து, 2004இல், போர்ட்லண்ட் ட்ரிப்யூன் செய்தித்தாள் அவற்றை வெளிக்கொணர்ந்தது. மொத்தம் 36 பெட்டிகள். 1960களின் நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ இருபதாண்டுக் காலத்துக் கண்காணிப்பு அவற்றுள் அடங்கியிருந்தது. வெடிகுண்டுக்காரர்களைப் பற்றிய குறிப்புகள் சில இருந்திருக்கலாம். கூடவே உணவுக் கூட்டுறவுக் கடை நடத்தியவர்களும் மிதிவண்டி பழுதுபார்ப்போரின் கூட்டமைப்பும் இருந்தார்கள். மிதிவண்டிக்குப் பஞ்சர் ஒட்டுபவரிடம் அரசுக்கு என்ன அச்சம் என்று நாம் சிரித்துவிடலாம். பெட்டிக்குள் தம் பெயரைக் கண்டவர்களால் அப்படிச் சிரிக்க முடிந்திருக்குமா என்பது ஐயமே. அப்பெட்டிகள் பின்னர் நகர ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்தன.

இடையில், 1996இல், இதே சட்டத்தை மீறியதாக நகரக் காவல்துறைக்கு எதிராக ஒரு தீர்ப்பும் வந்தது. வழக்குத் தொடுத்தவரின் பெயர் ஸ்குவிரல், காவல்துறைத் தலைவரின் பெயர் மூஸ். அணிலுக்கும் காட்டுமானுக்கும் வழக்கு! பஞ்சதந்திரத்தில் இல்லாத கதை, அணில்தான் வென்றது.

2001 நவம்பரில், மத்தியக் கிழக்கிலிருந்து வந்திருந்த ஆடவர் சுமார் ஐயாயிரம் பேரை நேரில் கண்டு விசாரிக்க உதவுமாறு கூட்டரசின் தலைமை வழக்கறிஞர் ஜான் ஆஷ்கிராஃப்ட் நாடெங்கும் கேட்டபோது, மாநிலச் சட்டத்தைக் காட்டிப் போர்ட்லண்ட் காவல்துறை மறுத்துவிட்டது.

2004 மே மாதம் இன்னொன்று நடந்தது. போர்ட்லண்டின் புறநகரில் வாழ்ந்த வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட் கைது செய்யப்பட்டார். அவர் இஸ்லாத்தைத் தழுவியவர். அவ்வாண்டு மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் வெடித்த குண்டுகள் தொடர்பாகக் கிடைத்த பை ஒன்றில் பதிந்திருந்த விரல்ரேகை அவருடையதே என்று எஃப்.பி.ஐ. அறுதியிட்டுச் சொன்னது. ஸ்பெயின் காவல்துறையோ ஏப்ரலிலேயே ஒப்பவில்லை. இரண்டு வாரச் சிறைக்குப் பின் ரேகை ஓர் அல்ஜீரியருடையது என்று தெரியவர, அவர் விடுவிக்கப்பட்டார். 2006இல் அரசு மன்னிப்புக் கேட்டு 20 லட்சம் டாலர் இழப்பீடும் தந்தது.

இந்தச் சூழலில்தான் 2005 ஜனவரியில் டாம் பாட்டர் மேயரானார். காவல்துறையை வெறுக்கும் கலகக்காரர் அல்லர் அவர். 1990 முதல் 1993 வரை அந்நகரத்தின் காவல்துறைத் தலைவராகவே இருந்தவர். போர்ட்லண்டில் அப்போது மேயரே காவல்துறைக்குப் பொறுப்பாக இருப்பதும் வழக்கமாக இருந்தது. ஆகவே அவர் கேட்டது ஒன்றுதான்: படையில் பணியாற்றும் என் காவலருக்கு எந்த அளவு இரகசியத்தைப் பார்க்க அனுமதி உண்டோ, அதே அனுமதி எனக்கும் வேண்டும். எஃப்.பி.ஐ. தர மறுத்தது. காவலர் பார்க்கலாம், அவருக்கு மேலே உள்ளவர் பார்க்கலாகாது. ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனால் சரிபார்க்கச் சொல்கிற குறளின் ஒற்றாடல் அதிகாரத்தில்கூட, ஒற்றனுக்குத் தெரிந்து வேந்தனுக்குத் தெரியாத செய்தி என்ற ஒன்றுக்கு இடமில்லை.

எதிர்த்தரப்பையும் நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. 2010 நவம்பர் 26 அன்று நகரின் நடுவே பயோனீர் கோர்ட்ஹவுஸ் சதுக்கத்தில் கிறிஸ்துமஸ் மரத்துக்கு விளக்கேற்றும் விழாவில் மக்கள் திரண்டிருந்தார்கள். பத்தொன்பது வயது மாணவன் ஒருவன், வேன் ஒன்றிலிருந்த குண்டை வெடிக்கச் செய்வதாக எண்ணிக் கைப்பேசியில் எண்களை அழுத்தினான். குண்டு போலி, கொடுத்தவர்கள் எஃப்.பி.ஐ.யின் மறைமுக முகவர்கள். மேயர் சாம் ஆடம்ஸுக்குக் கைதுக்குப் பின்னரே செய்தி தெரியும். 2005இல் விலகலுக்கு வாக்களித்தவர்களுள் அவரும் ஒருவர். படையில் இருந்திருந்தால் அறிந்திருப்பீர்களே என்றது ஒரு தரப்பு. குண்டைக் கொடுத்ததே நீங்கள்தானே என்றது மறுதரப்பு. இரண்டு நாள் கழித்து, அம்மாணவன் சில வேளை தொழச் சென்ற கோர்வாலிஸ் பள்ளிவாசலுக்கு யாரோ தீ வைத்தார்கள். மாணவனுக்கு 2014இல் முப்பதாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

2011 ஏப்ரலில் மன்றம் ஒரு நடுவழியைக் கண்டது: தேவைப்படும்போது மட்டும் காவலரை அனுப்புவது, ஆண்டுதோறும் மன்றத்துக்கு அறிக்கை தருவது. நல்ல ஏற்பாடு என்றே முதலில் தோன்றும். ஆனால் வந்த முதல் அறிக்கையில் எத்தனை வழக்குகளில் காவலர் பங்கேற்றனர் என்ற எண்கூட இல்லை. இரகசியத்தை இரகசியமாகவே வைத்துக்கொண்டு அதைப் பற்றி அறிக்கை எழுதச் சொன்னால் வேறென்ன எழுத முடியும்?

பிறகு 2015இல் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் நகரம் முழுமையாகத் திரும்பச் சேர்ந்தது. 2019 பிப்ரவரியில், முந்தைய ஆண்டு தேர்தலில் வென்று வந்திருந்த ஜோ ஆன் ஹார்டெஸ்டி முன்னின்று முயல, அதே மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மீண்டும் விலகியது. இத்தனை முறையும் முடிவெடுத்தது மேயரையும் சேர்த்து ஐவரே கொண்ட மன்றம். 2024 முடிவோடு அந்த ஐவர் மன்றமும் போய்விட்டது. 2025 முதல் பன்னிருவர் அமர்கிறார்கள்.