இனிப்பின் விலை: ஒரு பண்டிகைப் பரிசின் வரலாறு



கிறிஸ்துமஸ் நாட்கள் நெருங்கிவிட்டன. உறவினருக்கும், ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும், உடன் பணிபுரிவோருக்கும் கொடுப்பதற்காகச் சாக்லேட் பெட்டிகளை வாங்கத் தொடங்கியிருப்பீர்கள். கடையில் நின்று ஒரு பெட்டியைக் கையிலெடுக்கும்போது, "இது நல்லதுதானா?" என்று உங்கள் மனம் கேட்கும். எளிய கேள்விதான். ஆனால் அதற்கு முழுமையாக விடை காண முயன்ற சில விசுவாசிகளின் வரலாறு நம்மை நெடுநேரம் சிந்திக்க வைக்கும். அந்த வரலாற்றையே இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1899ஆம் ஆண்டின் இறுதியில் தென்னாப்பிரிக்காவில் போயர் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. முதுமையடைந்திருந்த விக்டோரியா மகாராணியார், போர்க்களத்திலிருந்த தம் வீரர்களுக்குப் புத்தாண்டுப் பரிசாக ஆளுக்கொரு சாக்லேட் பெட்டி அனுப்ப விரும்பினார். ஒவ்வொரு தகரப் பெட்டியிலும் அரை ராத்தல் சாக்லேட். மூடியில் மகாராணியாரின் உருவமும், அவருடைய கையெழுத்தில் புத்தாண்டு வாழ்த்தும் பொறிக்கப்பட்டன.

இங்கே ஒரு சிக்கல் எழுந்தது. அந்நாளில் இங்கிலாந்தின் பெரிய சாக்லேட் உற்பத்தியாளர்கள் மூவர்: பர்மிங்காமின் கேட்பரி, பிரிஸ்டலின் ஃப்ரை, யார்க்கின் ரௌன்ட்ரீ. மூன்று குடும்பங்களும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவை. யுத்தம் பாவம் என்பது அச்சபையாரின் உறுதியான நம்பிக்கை. அரசியின் வேண்டுகோளைத் தட்டவும் இயலவில்லை; போரினால் இலாபம் அடையவும் மனச்சாட்சி இடந்தரவில்லை. எனவே மூன்று நிறுவனங்களும் போட்டியை ஒதுக்கிவிட்டு ஒன்றுசேர்ந்தன. இலாபம் வேண்டாம் என்றும், பெட்டிகளின்மேல் தங்கள் பெயர் இடம்பெறலாகாது என்றும் முடிவு செய்தன. மகாராணியாரோ, வீரர்களின் கையில் சேர்வது தரமான சாக்லேட் என்பது அவர்களுக்குத் தெரியவேண்டும் என்று வற்புறுத்தினார். ஆகவே உள்ளிருந்த சாக்லேட்டுகள் சிலவற்றில் மட்டும் பெயர் பொறிக்கப்பட்டது. பெட்டிகள் கடைசிவரை பெயரின்றியே சென்றன.

வீரர்கள் பலர் அந்தச் சாக்லேட்டை உண்ணாமல் நினைவுப்பொருளாகப் பாதுகாத்தார்கள். 2021இல், இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியிலுள்ள ஆக்ஸ்பரோ மாளிகையில், ஒரு தலைக்கவசப் பெட்டிக்குள் அத்தகைய பரிசு ஒன்று கண்டெடுக்கப்பட்டது. 121 ஆண்டுகளுக்குப் பின்பும் சாக்லேட் அப்படியே இருந்தது.

பிரியமானவர்களே, அந்தப் பெயருக்கு அத்தனை மதிப்பு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். அதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில், திருச்சபை வேறுபாட்டின் காரணமாகக் குவேக்கர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் கதவுகள் திறக்கவில்லை. ஆகவே அவர்களில் பலர் வணிகத்தில் ஈடுபட்டார்கள். ஜான் கேட்பரி 1824இல் பர்மிங்காமில் ஒரு சிறு கடை திறந்து, தேநீரும் காப்பியும் கோக்கோவும் விற்றார். மதுவினால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்ட அவருக்கு, சாராயத்துக்கு மாற்றாக மக்கள் கையில் ஒரு நல்ல பானத்தைக் கொடுப்பது ஊழியமாகவே தோன்றியது.

ஆனால் அக்காலத்துக் கோக்கோவின் தரம் வெட்கத்துக்குரியது. 1850களில் ஆர்தர் ஹில் ஹாசல் என்னும் மருத்துவர் கடைகளில் விற்ற உணவுப்பொருட்களை நுண்ணோக்கியின்கீழ் ஆராய்ந்து, முடிவுகளை 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். கோக்கோவில் மாவுப்பொருளும், நிறத்துக்காகச் செம்மண் சாயமும் கலந்திருந்தது வெளிப்பட்டது. கேட்பரியின் கோக்கோவும் சுத்தமானதன்று. அதில் ஐந்தில் ஒரு பங்கே கோக்கோ. மீதி உருளைக்கிழங்கு மாவும், சவ்வரிசியும், வெல்லப்பாகுமே என்று ஜானின் மகன் ஜார்ஜ் பிற்காலத்தில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

கோக்கோவில் இயல்பாகவே கொழுப்பு மிகுதி; அதை உறிஞ்சவே மாவு கலக்கப்பட்டது. 1828இல் ஹாலந்து நாட்டு வான் ஹவுட்டன் குடும்பத்தார் அந்தக் கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் இயந்திரம் ஒன்றுக்கு உரிமம் பெற்றிருந்தார்கள். ஜார்ஜும் அவர் அண்ணன் ரிச்சர்டும் நலிந்துகொண்டிருந்த தொழிலைத் தூக்கி நிறுத்த அத்தகைய இயந்திரத்தை வாங்கி, 1866இல் மாவு கலவாத கோக்கோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். முற்றிலும் தூயது என்பதே அதன் விளம்பரம். கலப்படத் தடைச் சட்டங்கள் கடுமையான காலம் அது. மக்கள் அந்தத் தூய்மையை நம்பி வாங்கினார்கள். 1879இல் அவர்கள் புகை சூழ்ந்த நகரத்தை விட்டு வெளியேறி போர்ன்வில் என்னுமிடத்தில் தொழிற்சாலை கட்டினார்கள். பின்னாளில் தோட்டத்தோடு கூடிய வீடுகளும், விளையாட்டுத் திடல்களும் அங்கே எழுந்தன. மதுக்கடைக்கு மட்டும் இடமில்லை.

இம்மட்டும் கேட்டால், இது ஒரு சாட்சியின் கதை. ஆனால் கதை இங்கே முடியவில்லை. முடிந்திருந்தால் நான் இதை உங்களுக்கு எழுதியிருக்கவும் மாட்டேன்.

மகாராணியாரின் பரிசு போய்ச் சேர்ந்த மறு ஆண்டு, 1901இல், ரிச்சர்டின் மகன் வில்லியம் கேட்பரியின் காதுக்கு ஒரு செய்தி எட்டியது. அவர்கள் வாங்கிய கோக்கோவில் ஏறத்தாழப் பாதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் போர்த்துகீசியரின் ஆட்சியிலிருந்த சாவோ டோமே தீவிலிருந்து வந்தது. அங்கே உழைப்போர் அடிமைகளே என்பதுதான் அச்செய்தி. அதே ஆண்டில் அத்தீவின் தோட்டம் ஒன்றின் விற்பனை அறிவிப்பும் அவர் கைக்கு வந்தது. நிலம், கட்டடங்கள் ஆகியவற்றோடு 200 தொழிலாளர்களும் சொத்துப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டிருந்தது.

போர்த்துகீசியச் சட்டம் அடிமைமுறையை ஒழித்துப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. காகிதத்தில் அவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகள். நடப்பிலோ அங்கோலாவின் உட்பகுதிகளில் பிடிக்கப்பட்டும் வாங்கப்பட்டும் கப்பலேற்றப்பட்டவர்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பியவர் ஏறத்தாழ எவருமில்லை. ஹென்றி நெவின்சன் என்னும் பத்திரிகையாளர் அவர்கள் நடத்திச் செல்லப்பட்ட பாதையில் தாமே பயணம் செய்து, வழிநெடுகக் கால்விலங்குகளையும் எலும்புகளையும் கண்டு, 1906இல் நூலாக வெளியிட்டார்.

கேட்பரி குடும்பத்தார் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. வில்லியம் லிஸ்பனுக்குச் சென்று அதிகாரிகளிடம் முறையிட்டார். 1905இல் ஜோசப் பர்ட் என்பவரை விசாரணைக்கு அனுப்பினார்கள். அவர் ஏறக்குறைய இரண்டாண்டுகள் சுற்றிப் பார்த்து, செய்தி உண்மையே என்று அறிக்கை கொடுத்தார். 1908இல் வில்லியம் தாமே நேரில் சென்று பார்த்தார். வாங்குவோராக இருந்தால்தான் நம் சொல்லுக்கு மதிப்பிருக்கும் என்பது அவர்களுடைய வாதம். அவசரப்படவேண்டாம் என்று ஆங்கில அரசும் கேட்டுக்கொண்டது. ஆனால் அந்த ஆண்டுகள் முழுவதும் கொள்முதல் நிற்கவில்லை. 1909 மார்ச்சில்தான் மூன்று குவேக்கர் நிறுவனங்களும் சாவோ டோமே கோக்கோவைப் புறக்கணிப்பதாக அறிவித்தன.

இதற்கிடையில் 'ஸ்டாண்டர்டு' என்னும் நாளிதழ், போர்ன்வில் தொழிலாளர்மேல் இத்தனை கரிசனை கொண்டவர்களுக்குச் சாவோ டோமே அடிமைகள் கண்ணில் படவில்லையா என்று கிண்டலாக எழுதியது. கேட்பரி நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1909 டிசம்பரில் பர்மிங்காமில் விசாரணை நடந்தது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எட்வர்டு கார்சன் வில்லியமைக் கூண்டில் நிறுத்தி, 1901 முதல் 1908 வரை உங்கள் கோக்கோவுக்காக எத்தனை அடிமைகள் உயிரிழந்தார்கள் என்று எப்போதாவது கணக்கிட்டதுண்டா என்று கேட்டார். இல்லை என்பதைத் தவிர அவரால் வேறொன்றும் சொல்ல இயலவில்லை.

நடுவர் குழு கேட்பரியின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆனால் இழப்பீடாக அது நிர்ணயித்த தொகை ஒரு ஃபார்திங், அதாவது கால் பென்னி! அந்நாட்டின் மிகச்சிறிய நாணயங்களுள் ஒன்று. சட்டப்படி வென்றீர்கள், உங்கள் நற்பெயருக்கு நேர்ந்த சேதத்தின் மதிப்பு இவ்வளவே என்று சொல்லாமல் சொன்ன தீர்ப்பு அது.

பிரியமானவர்களே, இதை வாசித்து அவர்கள்மேல் கல்லெறிய உங்களை அழைக்கவில்லை. அவர்கள் வேஷக்காரர்கள் அல்லர். கோக்கோவுக்குள் கலந்திருந்த மாவைக் கண்டு வெட்கப்பட்டு அதை நீக்கியவர்கள். போரின் இலாபத்தை வேண்டாமென்றவர்கள். ஆனால் பெட்டிக்குள் இருந்த கலப்படத்தைக் கண்ட கண்களுக்கு, பெட்டிக்கு அப்பாலிருந்த கலப்படத்தை அகற்ற எட்டு ஆண்டுகள் ஆயின. அறியாமையில் கழிந்த ஆண்டுகள் அல்ல. அறிந்தபின் கழிந்த ஆண்டுகள். தாமதமும் ஒரு தீர்மானமே என்பதை அந்தக் கால் பென்னி நமக்குச் சொல்கிறது.

தாவீது அரசனை நினைத்துக்கொள்ளுங்கள். தாகமாயிருந்தபோது, பெத்லகேம் ஊர்வாசலின் கிணற்றுத் தண்ணீர்மேல் அவருக்கு ஆசை வந்தது. மூன்று வீரர்கள் பகைவரின் பாளயத்தைக் கிழித்துச் சென்று மொண்டு வந்தார்கள். தண்ணீர் தூயதுதான், தாகமும் உண்மைதான். ஆயினும் அதற்காக மனிதர் உயிரைப் பணயம் வைத்ததை எண்ணி, அவர் அதைக் குடிக்காமல் கர்த்தருக்கென்று ஊற்றிவிட்டார். ஒரு பொருளின் தரத்தை அதன் சுவையில் மட்டுமல்ல, அது வந்த வழியிலும் அளந்தவர் அவர்.

இன்றும் அந்த அளவுகோல் தேவைப்படுகிறது. 2020இல் சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வு நிறுவனம் வெளியிட்ட அறிக்கையின்படி, கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய இரு நாடுகளின் கோக்கோத் தோட்டப் பகுதிகளில் குழந்தைத் தொழிலில் ஈடுபட்டிருந்த பிள்ளைகள் ஏறத்தாழ 15 லட்சத்து 60 ஆயிரம் பேர். நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் வயதினர் அவர்கள்.

ஆகவே இந்தப் பண்டிகைக்குச் சாக்லேட் வாங்கும்போது, பெட்டியின் முகப்பை மட்டும் பாராமல் பின்புறத்தையும் வாசியுங்கள். சேர்மானப் பட்டியலில் கோக்கோ வெண்ணெய் இருக்கிறதா, அல்லது அதன் இடத்தில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரை முதலிலும் கோக்கோ கடைசியிலும் இருந்தால், நீங்கள் வாங்குவது பெரும்பாலும் சர்க்கரையே. கோக்கோ வெண்ணெய் நம் உடல் வெப்பத்திலேயே உருகும் இயல்புடையது. நல்ல சாக்லேட் வாயில் கரைவது அதனால்தான். நம் ஊர் வெயிலில் அதைக் கவனமாகக் கொண்டுசெல்லுங்கள். மேலே வெண்ணிறம் பூத்திருந்தால் அது பெரும்பாலும் வெப்பத்தின் விளைவு. கெட்டுப்போனது என்று எறிந்துவிடாதீர்கள்.

அடுத்ததாக, கோக்கோ எங்கே விளைந்தது, விளைவித்தவருக்கு நியாயமான விலை கிடைத்ததா என்பதற்கு ஏதேனும் குறிப்பு உண்டா என்று தேடுங்கள். நியாய வணிகச் சான்றுகள் முழுமையானவை அல்ல. ஆயினும் கேள்வி கேட்டவர்கள் இருந்ததால்தான் அவை தோன்றின. பொள்ளாச்சியின் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராகக் கோக்கோ விளைகிறது. அத்தகைய அருகாமைத் தோட்டங்களின் கோக்கோவில் செய்த சாக்லேட்டையும் விசாரித்துப் பாருங்கள். விலை சற்றுக் கூடினால் பெட்டியின் அளவைக் குறைத்துக்கொள்ளுங்கள். பெரிய பெட்டியைவிட நேர்மையான பெட்டியே நல்ல பரிசு.

நம்மை நேசித்து, தமக்குரிய எதையும் மிச்சம் வைக்காமல் கொடுத்தவரின் பிறப்பைக் கொண்டாடப் போகிறோம். அவர் பெயரால் நாம் கொடுக்கும் இனிப்பில் வேறொருவரின் கண்ணீர் கலவாதிருக்கட்டும். நீங்கள் ஏற்கெனவே அறிந்திருந்தும் தள்ளிப்போட்டு வைத்திருக்கும் நியாயம் ஏதேனும் உண்டா? அது வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் ஊதியமாக இருக்கலாம். கடைப்பையனின் விடுமுறையாக இருக்கலாம். எட்டு ஆண்டுகள் காத்திராமல் இந்த வாரத்திலேயே அதைச் செய்துமுடிக்க ஆண்டவர் உங்களுக்குத் துணைபுரிவாராக. ஆமென்.