காவற்பாதை பொதுப்பாதையான வரலாறு

அரசர் கட்டிய கோட்டைகளையும் அவர்தம் போர்களையுமே வரலாறெனப் படித்துப் பழகிய நம்மவர்க்கு, ஒரு நடைபாதைக்கும் வரலாறு உண்டென்று கூறின் வியப்புத் தோன்றலாம். ஆயினும் பாதையைப்போல் உண்மை உரைக்கும் சாசனம் பிறிதொன்று அரிது. யார் நடக்கலாம், யார் நடக்கலாகாது என்று ஒரு காலம் விதித்த விதியைப் பாதை தன் மேனியிலேயே தாங்கி நிற்கின்றது. தோட்டத்தில் வாழ்வோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. துரையின் பங்களாவுக்கு ஏறிச் சென்ற பாதை யார் பொருட்டு வெட்டப்பட்டது, லயத்திலிருந்து பால்மர நிரைக்குச் சென்ற பாதை யார் காலடியால் உண்டாயிற்று என்பதை நம் முன்னோர் நன்கறிவர். தோட்டத்துக் கணக்குப் புத்தகத்தோடு நாள் கழிக்கும் கிராணியாகிய நாமும் எல்லைக் கல்லையும் எல்லைப் பாதையையும் ஏட்டிலும் நிலத்திலும் கண்டவரே.

இத்தகைய எல்லைப் பாதைகளுள் உலகில் பெயர் பெற்றதொன்று ஜெர்மனியின் தலைநகராகிய பெர்லினில் உள்ளது. முன்னாளில் மேற்குப் பெர்லின் எனப்பட்ட பகுதியை முழுவதுமாக வளைத்துச் செல்லும் அப்பாதையின் நீளம் சுமார் 160 கிலோமீட்டர். அதாவது 100 மைல். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குச் செல்லும் தொலைவினும் சற்று மிகுதியென்று கொள்க. நடப்போரும் சைக்கிளில் செல்வோரும் ஒருங்கே பயன்படுத்தும் இதனை ஜெர்மானியர் 'மவுவர்வெக்' என்பர். தமிழில் மதிற்பாதை எனலாம். இன்று சிறுவர் சைக்கிள் ஓட்டிப் பழகும் இப்பாதையின் பெரும்பகுதி, ஒரு காலத்தில் துப்பாக்கி ஏந்திய காவலர் மனிதரை வேட்டையாடும் பொருட்டு ரோந்து சுற்றிய தடமாகும். அது எவ்வாறு எழுந்தது, எவ்வாறு மாறியது என்பதே ஈண்டு நாம் கூறப் புகுந்தது.

இரண்டாம் உலகப் போர் 1945-ஆம் ஆண்டு முடிவுற்றபோது, வென்ற நால்வரும் ஜெர்மனியைப் பங்கிட்டுக் கொண்டனர். தலைநகரும் நான்கு கூறாயிற்று. அமெரிக்கா, பிரிட்டன், பிரான்சு ஆகிய மூவர் கைப்பட்ட பகுதி மேற்குப் பெர்லின். ருஷ்யர் கைப்பட்டது கிழக்குப் பெர்லின். 1949-இல் ஜெர்மனி இரு நாடாகப் பிரிந்தது. மேற்குப் பெர்லினோ கிழக்கு ஜெர்மனியின் நடுவே ஒரு தீவைப்போல் நின்றது. கிழக்கில் வாழப் பிடியாதோர் நகர இரயிலில் ஏறி மேற்கே இறங்கினால் போதும்; திரும்பிப் போக வேண்டுவதில்லை. இவ்வாறும் பிற வழிகளிலும் 1949 முதல் 1961 வரை கிழக்கு ஜெர்மனியை நீங்கினோர் சுமார் 27 லட்சம் பேர். வைத்தியரும் பொறியியலாளரும் கைத்தொழில் வல்ல இளைஞரும் அவர்களுள் மிகுதி. தன் நாட்டில் இருக்க மக்கள் விரும்பாததன் காரணத்தை ஆராயக் கடமைப்பட்ட சர்க்கார், அதைச் செய்யாது கதவைப் பூட்டத் துணிந்தது.

1961-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நகரம் உறங்கும் வேளையில் எல்லை நெடுகிலும் முட்கம்பி இழுக்கப்பட்டது. சில நாட்களில் கம்பி நின்ற இடத்தில் கல் மதில் எழத் தொடங்கிற்று. அதன் சுற்றளவு ஏறக்குறைய 155 கிலோமீட்டர். அதில் 43 கிலோமீட்டர் நகரின் வயிற்றைக் கிழித்துச் சென்றது. இதில் ஒரு விந்தையைக் காண்க. மதிலால் வளைக்கப்பட்டவர் மேற்குப் பெர்லின் மக்கள். ஆனால் அவர்கள் விமானத்திலும் இரயிலிலும் சாலையிலும் வெளியே போய் வந்தனர். வளைத்தவர் நாட்டு மக்களே வெளியேற வகையின்றிச் சிறைப்பட்டனர்.

பெர்னவர் தெரு என்பதொன்று அந்நகரில் உண்டு. அங்கே வீடுகள் கிழக்கைச் சேர்ந்தவை. வாயிற்படியின் கீழுள்ள நடைபாதையோ மேற்கைச் சேர்ந்தது. வாயில்கள் அடைக்கப்பட்டபோது மக்கள் சன்னல் வழியே குதித்தனர். இடா சீக்மன் என்னும் மாது, தம் 59-ஆம் பிறந்த நாளுக்கு முந்திய தினமாகிய 1961 ஆகஸ்டு 22-இல், மூன்றாம் மாடிச் சன்னலிலிருந்து குதித்து மாண்டார். இரண்டு நாள் கழித்து, குந்தர் லிட்பின் என்னும் 24 வயது இளைஞர் நீரில் நீந்தித் தப்ப முயன்று சுடப்பட்டார். 1962 ஆகஸ்டு 17-இல் பீட்டர் பெக்டர் என்னும் 18 வயதினன் மதிலடியில் குண்டுபட்டு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் உதவி கோரிக் கதறி, இருபுறத்தாரும் பார்த்திருக்கக் குருதி வடிந்து உயிர் நீத்தான். மதிலின் 28 ஆண்டுகளில் அங்கு மாண்டோர் குறைந்தது 140 பேரென ஆராய்ச்சியாளர் கணக்கிட்டுள்ளனர்.

காலம் செல்லச் செல்ல ஒரு மதில் இரண்டாயிற்று. மேற்கை நோக்கிய வெளிமதில் 3.6 மீட்டர் உயரமுள்ள கான்கிரீட் பலகைகளால் ஆனது. கிழக்கே உள்மதில். இரண்டிற்கும் இடைப்பட்ட நிலத்தை மக்கள் மரணப் பட்டை என்றழைத்தனர். தொட்டால் ஒலி எழுப்பும் கம்பி வேலி, இரவைப் பகலாக்கும் விளக்கு வரிசை, காவற்கோபுரங்கள், காலடி பதிந்தால் தெரியும்படி வாரி வைத்த மணல், இவற்றினூடே காவலர் வண்டி ஓடக் கெட்டியாக இட்ட ரோந்துப் பாதை ஆகியன அதனுள் அமைந்தன. காவலர் இருவர் இருவராய் நிறுத்தப்பட்டனர். ஒருவரோடொருவர் நட்புக் கொண்டு தாமே தப்பி விடாதிருக்கும் பொருட்டு இணைகள் அடிக்கடி மாற்றப்பட்டன. காவலனையே காவல் செய்ய வேண்டிய ஆட்சி எத்தகையதென வாசகர் ஓர்ந்து கொள்க. மேற்குப் புறத்திலும் சுங்கக் காவலர் சுற்றி வர ஒரு பாதை இருந்தது. இவ்விரண்டு பாதைகளே பிற்காலத்து மதிற்பாதையின் உடலாயின.

கூலி வேலைக்குக் கடல் கடந்து வந்தோரின் வழித்தோன்றல்களாகிய நாம் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றுண்டு. மதில் எழுந்த அதே 1961-ஆம் ஆண்டு அக்டோபரில், மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஆள் சேர்க்கும் உடன்படிக்கை செய்து கொண்டது. அவ்வாறு வந்த தொழிலாளர் பலர் மதிலை ஒட்டிய கிராய்ட்ஸ்பெர்க் பகுதியில் குடியேறினர். மதிலோரத்து வீடுகளுக்கு வாடகை குறைவு. அங்கே ஸ்பிரே ஆறு கரைமுதல் கரைவரை கிழக்கிற்கே உரியதாயிருந்தது. மேற்குக் கரையில் விளையாடிய குழந்தைகள் நீரில் விழுந்தால், மேற்குப் பெர்லினார் இறங்கி எடுத்தல் எல்லை மீறலாகும். 1966 முதல் 1975 வரை ஐந்து குழந்தைகள் இவ்வாறு மூழ்கி மாண்டனர். அவர்களுள் இருவர் துருக்கியர் மக்கள். ஒருவன் இத்தாலியச் சிறுவன். கடைசியாக இறந்த பாலகனுக்கு அன்றுதான் ஐந்து வயது நிறைந்தது. தீயணைப்போர் கரையில் நிற்க, எல்லைச் சட்டம் அவர்தம் காலைக் கட்டிற்று. அதன் பின்னரே, 1975-இன் இறுதியில், நீரில் விழுந்தோரை மீட்க இரு தரப்பாரும் ஒப்பந்தம் செய்தனர். இரு அரசுகளின் பிணக்கில் பலியானவர், அவ்விரு நாட்டின் அரசியலிலும் எவ்விதப் பங்குமில்லா ஏழைத் தொழிலாளரின் குழந்தைகள் என்பதை நாம் மறத்தல் ஒண்ணாது.

1989-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் கிரிஸ் கெப்ராய் என்னும் 20 வயது வாலிபன் மதிலருகே சுடப்பட்டு மாண்டான்; துப்பாக்கிக்கு இரையான கடைசி ஆள் அவனே. ஒன்பது மாதம் பொறுத்திருப்பின் அவன் நடந்தே கடந்திருப்பான். ஏனெனில் அவ்வாண்டு நவம்பர் 9-ஆம் நாள் மாலை, பயண விதிகளைப் பற்றிச் சர்க்கார் பிரதிநிதி பத்திரிகைக்காரரிடம் கூறிய சொற்களைக் கேட்டு மக்கள் வெள்ளமெனத் திரண்டனர். போர்ன்ஹோல்ம் தெரு வாயிலில் நெருக்கம் மிகுந்து, நள்ளிரவுக்குச் சற்று முன் காவலதிகாரி தடையை நீக்கினார். 1990 ஜூன் 13-இல் மதிலை முறையாக இடிக்கும் வேலை தொடங்கிற்று. அக்டோபர் 3-இல் ஜெர்மனி ஒரே நாடாயிற்று.

இனித்தான் நமக்கு முக்கியமான கேள்வி பிறக்கின்றது. துன்பம் நிகழ்ந்த இடத்தை என் செய்வது? மதிலின் சுவடே இல்லாமல் துடைத்துவிட வேண்டுமென்றனர் பலர். பிணத்தை வீட்டில் வைத்திருப்போர் உண்டோ என்பது அவர்தம் வாதம். அவ்வாதத்தில் நியாயமில்லை என்று கூறத் துணியோம். மதிலால் மகனை இழந்த தாய்க்கு அதன் ஒரு கல்லைக் காண்பதும் வேதனையே. ஆயினும் அவசரமாக இடித்ததில் சான்றுகளும் உடனழிந்தன. சில ஆண்டுகளில், மதில் எங்கே நின்றது என்று வந்தோர் கேட்க, உள்ளூரார் விடை சொல்லத் திகைக்கும் நிலை வந்தது.

அந்நிலையில் மைக்கேல் கிராமர் என்பவர் ஒரு யோசனையை விடாது வற்புறுத்தினார். ஆசிரியராகப் பணிபுரிந்து, பசுமைக் கட்சியின் சார்பில் பெர்லின் சட்டசபையில் அமர்ந்தவர் அவர். காவலர் பாதையை அழிக்காது, நடப்போர்க்கும் சைக்கிளோட்டிகளுக்கும் உரிய சுற்றுப்பாதையாக்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. 2001-ஆம் ஆண்டு சட்டசபை அதனை ஏற்றது. 2002 முதல் 2006 வரை பாதை செப்பனிடப்பட்டு, வழிகாட்டும் பலகைகள் நடப்பட்டு, 14 பகுதிகளாக வகுக்கப்பட்டது. மாண்டோர் வீழ்ந்த இடங்கள் பலவற்றில் அவர்தம் பெயர் தாங்கிய தூண்கள் நிறுத்தப்பட்டன. நகரின் நடுவே மதில் நின்ற கோட்டை இரட்டை வரிசைக் கற்கள் தெருவிலேயே காட்டுகின்றன.

அப்பாதையிற் செல்வோர் காண்பன யாவை? பெர்னவர் தெருவில் மரணப் பட்டையின் நடுவே அகப்பட்ட ஒரு தேவாலயம் இருந்தது. அதன் பெயர் சமரச ஆலயம் என்பது காலத்தின் கேலி போலும். 1985 ஜனவரியில் கிழக்குச் சர்க்கார் அதை வெடி வைத்துத் தகர்த்தது. அவ்விடத்தில், பழைய ஆலயத்தின் உடைந்த செங்கல்லைக் களிமண்ணோடு கலந்து இடித்துக் கெட்டித்த சுவரால் ஒரு சிற்றாலயம் எழுப்பி, 2000-ஆம் ஆண்டு நவம்பர் 9-இல் திறந்தனர். வடக்கே ஹோஹன் நாயன்டார்ப் என்னுமிடத்தில் ஒரு காவற்கோபுரத்தை இளைஞர் சங்கத்தார் ஏற்று, மரம் நடுவதற்கும் இயற்கையைக் கற்பதற்கும் உரிய கூடமாக்கினர். தென்மேற்கே, முன்னாளில் உளவாளிகளைப் பரிமாறிக் கொண்ட கிளீனிக்கப் பாலத்தருகில், ஜப்பானிய மக்கள் அனுப்பிய நன்கொடையால் 1990 நவம்பரில் செர்ரி மரங்கள் நடப்பட்டன. பின்னர் எல்லை நெடுகப் பல இடங்களில் ஆயிரக்கணக்கில் நட்டனர். மணலை வாரி வைத்த நிலத்தில் மரம் வளர்ந்து பூத்தது.

இவ்வளவும் கூறிவிட்டு மற்றொன்றை மறைத்தல் நேர்மையாகாது. மதிலுக்காகப் பறிக்கப்பட்ட நிலத்தைப் பழைய உரிமையாளர் சந்தை விலையில் நான்கில் ஒரு பங்கு செலுத்தி மீளப் பெற 1996-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்தது. பறிகொடுத்தவர் தம் பொருளுக்கே விலை கொடுக்க வேண்டியதாயிற்று என்ற மனக்குறை அவர்களிடம் இருந்தது. இஃது ஒரு புறம். மறு புறம், பாட்ஸ்டாம் நகரையடுத்த கிரீப்னிட்ஸ் ஏரிக்கரையில், காவலர் சுற்றிய கரைப்பாதையில் மதில் வீழ்ந்தபின் பொதுமக்கள் பல்லாண்டு உலாவினர். 2009-ஆம் ஆண்டு நீதிமன்றத் தீர்ப்பொன்றைத் தொடர்ந்து, கரையோர மாளிகைச் சொந்தக்காரர் சிலர் தத்தம் பங்கை வேலியிட்டு அடைத்தனர். துப்பாக்கி மறித்த பாதையைப் பத்திரம் மறித்தது. இரண்டும் ஒன்றென நாம் கூறவில்லை; பத்திரம் யாரையும் கொல்வதில்லை. ஆனால், மதில் ஒரு நாள் வீழ்ந்ததனாலேயே பாதை என்றென்றைக்கும் பொதுவாகிவிடாது என்பதற்கு இஃது ஒரு பாடம். மக்கள் தொடர்ந்து நடந்தும், சபையில் வாதாடியும், பொதுப்பணம் செலவிட்டுமே அதைப் பொதுவாகக் காத்தல் வேண்டும்.

2011-ஆம் ஆண்டு முதல், இச்சுற்று முழுவதையும் ஒரே மூச்சில் ஓடும் 100 மைல் ஓட்டம் நடைபெறலாயிற்று. ஒவ்வோராண்டும் மதிலில் மாண்ட ஒருவரை முன்னிட்டு அதனை நடத்துவது வழக்கம். தப்பி ஓடியவன் சுடப்பட்ட இடத்தில், யாரும் துரத்தாமலே மனிதர் ஓடுகின்றனர். 2018 பிப்ரவரி 5-ஆம் நாளோடு, மதில் நின்ற காலமும் அது வீழ்ந்தபின் சென்ற காலமும் சமமாயின. மதிலைக் கண்ணாற் காணாத தலைமுறையே இன்று அப்பாதையிற் செல்லும் இளைஞர் கூட்டம். அவர்க்கு அதைச் சொல்லும் வாய் அப்பாதையிலுள்ள தூண்களும் கற்களுமே.

நம் நாட்டிலும் பழைய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு நகரங்களாகி விட்டன. லயங்கள் நின்ற இடம் தெரியவில்லை. பெரட்டுக் களம் கடைத்தெருவாயிற்று. நம் பாட்டன்மார் பால்வாளி சுமந்து நடந்த தடங்களுக்குப் பெயருமில்லை, கல்லுமில்லை. பெர்லின் மக்கள் செய்தது பெரும் பொருட்செலவில் எழுந்த கோபுரமன்று; இருந்த பாதையை அழிய விடாது, நடந்ததை எழுதி வைத்து, எல்லார்க்கும் திறந்து விட்டனர். அவ்வளவே. அதனை ஒரு தோட்டத்து இளைஞர் மன்றமும் செய்யலாம். முதியோர் உயிரோடிருக்கும்போதே அவர்களை அழைத்துச் சென்று, எந்தப் பாதை எங்கே சென்றது, யார் எங்கே வாழ்ந்தனர் எனக் கேட்டு எழுதி வைக்கும் வேலையை வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குமாறு நம் இளைஞரை வேண்டுகின்றோம்.