காலண்டர் படம் கலையா, விளம்பரமா? தேனி கடைச் சுவர்களில் தொங்கும் கோவில்பட்டி ஓவிய மரபு!

போடி ஏலக்காய்க் கடையோ, கம்பத்து மளிகைக் கடையோ, உள்ளே நுழைஞ்சதும் கண்ணில் படுவது தினசரி காலண்டர். மேலே லட்சுமியோ முருகனோ இருப்பாங்க. கீழே கடையின் பெயர், போன் நம்பர். படத்தை வரைந்தவர் யார்? அதை யாரும் கேட்பதில்லை.

காலண்டர் எப்படி தயாராகிறது?

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பங்கள் வெளியாகும். கடைக்காரர் அதில் படத்தைத் தேர்வு செய்வார். அவர் கடைப் பெயர் தனியாக அச்சாகி வரும். அதாவது ஒரே ஓவியம், பல கடைகளுக்கு விளம்பரம்.

அமெரிக்காவிலும் இதே கதைதான்

சுவரில் குத்தி வைக்கும் அழகிகளின் படங்களுக்கு அங்கே 'பின்-அப்' என்று பெயர். சிகாகோவில் முறையாக ஓவியம் படித்த கில் எல்வ்கிரென், பிரவுன் அண்ட் பிகிலோ என்ற காலண்டர் நிறுவனத்துக்காக இவற்றை ஆயில் பெயின்டிங்காக வரைந்தார். விளம்பரத்துக்காக வரைந்த படங்கள்தான். ஆனால் அவருடைய ஓவியம் ஒன்று 2011-ல் 2.8 லட்சம் டாலருக்கும் மேல் ஏலம் போனது.

யார் இந்த கொண்டையராஜு?

நம்ம ஊரில் இதற்கு இணையான பெயர் சி.கொண்டையராஜு (1898-1976). சென்னை ஓவியப் பள்ளியில் படித்தவர். நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்தார். பிறகு கோவில்பட்டியிலேயே தங்கி, சீடர்களை உருவாக்கினார். அவர்கள் வரைந்த சாமி படங்கள் சிவகாசி அச்சகங்கள் வழியாக வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தன. அந்தப் படங்களில் தூண், திரை, தூரத்து மலை எல்லாம் நாடக மேடை போலவே இருக்கும். காரணம் இப்போ புரியுதா?

அப்போ, இது கலையா?

பள்ளியில் கற்ற நுண்கலை, காசுக்காக வரைந்த படம் இரண்டும் இதில் கலந்தே இருக்கின்றன. நம்ம ஊரில் கூடுதலாக ஒன்று நடக்கிறது. வருஷம் முடிந்ததும் தேதித் தாள் கட்டு குப்பைக்குப் போகும், சாமி படத்தை மட்டும் பிரேம் போட்டு பூஜை அறையில் மாட்டி விடுவாங்க. விளம்பரமாக வந்தது வழிபாட்டுக்குரியதாகிவிடும்.

ஆனால் பிரேம் போடும்போது ஓரம் வெட்டினால் ஓவியரின் கையெழுத்தும் போய்விடலாம். வீட்டில் பழைய சாமி படம் இருந்தால் கீழ் மூலையை ஒரு தடவை பாருங்க. அங்கே ஒரு பெயர் இருக்கலாம்.