சுரங்க நில மீட்பில் மண் நூற்புழுக்கள்

திறந்தவெளிச் சுரங்கம் தோண்டிய இடத்தில் எஞ்சும் மண்மேடுகளிலும் நிரப்பிய குழிகளிலும் காலப்போக்கில் குடியேறும் நூற்புழுக்கள், அந்த நிலம் எந்த அளவுக்குத் தேறியிருக்கிறது என்பதற்கு நம்பத்தக்க சான்று. மரம் நட்டுப் பத்து ஆண்டுகளில் மேடு பச்சையாகிவிடும். மண் உயிர்பெற்றதா என்பதை அந்தப் பச்சையை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது.

பெரும்பாலான மண் நூற்புழுக்கள் ஒரு மில்லிமீட்டர் நீளம்கூட இரா. உடல் கண்ணாடிபோல் தெளிவானது. அவற்றை மண்ணிலிருந்து பிரிக்க இன்றும் கையாளப்படும் முறை, கிழக்கிந்தியத் தீவுகளில் டச்சு ஆட்சிக்காலத்தில் கொக்கிப்புழுவை ஆராய்ந்த பேர்மன் என்ற மருத்துவர் 1917இல் வெளியிட்டது. புனலின் காம்பில் ரப்பர் குழாய் மாட்டி, கவ்வியால் இறுக்கி, தண்ணீர் நிரப்புவார்கள். மெல்லிய துணியில் கட்டிய மண்ணை அந்நீரில் படும்படி வைப்பார்கள். நெளிந்து வெளியேறும் புழுக்களால் மேல்நோக்கி நீந்த இயலாது. அவை குழாயின் அடியில் வந்து சேரும். ஓரிரு நாளில் கவ்வியைத் தளர்த்திச் சில துளிகளை எடுத்தால் போதும், நுண்ணோக்கியில் எண்ணிவிடலாம்.

எந்தப் புழு எதைத் தின்கிறது என்பதை அதன் வாயே காட்டிவிடும். பாக்டீரியா உண்பவற்றுக்கு வெறும் குழல்வாய். பூஞ்சையையும் வேரையும் உறிஞ்சுபவற்றுக்கு ஊசி. மோனோங்கஸ் போன்ற வேட்டைப் புழுக்களுக்கு அகன்ற வாய்க்குழியில் தடித்த பல். உணவுமுறைப்படியான இப்பகுப்பை யீட்ஸ் குழுவினர் 1993இல் ஒழுங்குபடுத்தினர். அதற்கு முன்பே, 1990இல், நெதர்லாந்தின் வாகனிங்கனைச் சேர்ந்த டாம் பொங்கர்ஸ் முதிர்ச்சிக் குறியீட்டை வகுத்திருந்தார். விரைவில் பெருகி, குலைந்த நிலத்தையும் பொறுத்துக்கொள்ளும் குடும்பங்களுக்குப் படி 1, மெதுவாக வளர்ந்து, சிறு கேட்டையும் தாங்காத குடும்பங்களுக்கு 5, மற்றவை இடையில். செடி ஒட்டுண்ணிகளைத் தனியே ஒதுக்கிவிட்டு, மற்றவற்றின் எண்ணிக்கைக்கேற்பச் சராசரி காண்பதே குறியீடு. எரு இட்டதும் ஒன்றாம் படிப் புழுக்கள் பெருகிக் குறியீட்டைக் கீழே இழுத்துவிடும் என்ற குறையை, ஃபெரிஸ், பொங்கர்ஸ், டி குடே மூவரும் 2001இல் தந்த செறிவு, கட்டமைப்புக் குறியீடுகள் தீர்த்துவைத்தன.

செக் நாட்டின் மேற்கிலுள்ள சொகொலோவ், நெய்வேலியைப் போலப் பழுப்பு நிலக்கரி எடுக்கும் பகுதி. அங்கே மேட்டில் கொட்டப்பட்டது, ஆழத்திலிருந்து வந்த பழைய ஏரிக் களிமண், காரத்தன்மை உடையது. லாடிஸ்லாவ் ஹானெல் அங்கே பல வயது மேடுகளின் நூற்புழுக்களை ஆராய்ந்தார். உணவு அரிதான இளம் மேட்டில் முதலில் காலூன்றுபவை இரண்டாம் படியைச் சேர்ந்த பாக்டீரியா உண்ணிகளே. அவற்றுள் அக்ரோபெலாய்டஸ் போன்றவை உடல் வற்றியும் உயிர் தாங்கும்; ஆண் இல்லாமலே இனம் பெருக்கும். காற்றோடு வந்த ஒன்றிரண்டு புழுக்கள் ஒரு கூட்டமாவதற்கு இவ்விரு திறன்களும் போதும். ஆல்டர் மரம் நட்ட இடங்களில், வேரில் தங்கும் நுண்ணுயிரால் நைட்ரஜன் கூடுகிறது, இலைக்குப்பை சேர்கிறது, மண்புழு வந்து அதை மண்ணோடு கலக்கிறது. ஆனாலும் டோரிலைமிட் வகை அனைத்துண்ணிகளும் வேட்டைப் புழுக்களும் பெருக ஆண்டுகள் பலவாகும். மரம் நடாமல் விட்ட மேடுகளிலும் வில்லோ, பிர்ச் மரங்கள் தாமே முளைத்து மண் உருவாகிறது. ஆனால் ஆல்டர் நட்ட இடத்தில் வேகம் அதிகம்.

ஜெர்மனியின் கொட்புஸ் அருகேயுள்ள சுரங்க மேடுகளில் நிலைமை வேறு. அங்குள்ள மணலில் பைரைட் கலந்திருக்கிறது. காற்றும் நீரும் பட்டதும் அதிலிருந்து கந்தக அமிலம் உண்டாகும். சுண்ணாம்போ சாம்பலோ கலந்த பிறகுதான் பைன் நட முடிந்தது. ஊசியிலைக் குப்பையைப் பெரிதும் சிதைப்பது பூஞ்சை என்பதால், அதை உண்ணும் புழுக்களுக்கு இங்கே இடம் உண்டு.